பாதி வழியில் வந்த குரல்



 இந்த வாரத் தியானத்தை வாசிக்கும் முன் மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தை, 21ஆம் வசனம் முதல் இறுதிவரை, ஒருமுறை வாசித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யவீரு ஜெபஆலயத் தலைவன். அவனுடைய பன்னிரண்டு வயது மகள் மரணத் தறுவாயில் கிடக்கிறாள். அவன் இயேசுவின் பாதத்தில் விழுந்து, தன் வீட்டுக்கு வருமாறு மன்றாடுகிறான். ஆண்டவரும் உடனே புறப்படுகிறார். ஆனால் வழியில் திரளான ஜனங்கள் நெருக்குகிறார்கள். உதிரப்போக்கினால் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற ஒரு ஸ்திரீக்காக ஆண்டவர் நின்றுவிடுகிறார். அந்தத் தாமதத்தில் ஒரு தகப்பனுடைய நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்நேரத்தில்தான் அவனுடைய வீட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிள்ளை இறந்துவிட்டாள், இனி எதற்காகப் போதகருக்குத் தொல்லை தருகிறாய் என்கிறார்கள்.

அவர்கள் யவீருவின் பகைவர் அல்லர், அவன் வீட்டைச் சேர்ந்தவர்கள். அவன்மேல் இரக்கம் கொண்டே பேசியிருப்பார்கள். ஆயினும் அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றே: இத்தோடு நிறுத்திவிடு, திரும்பிப் போய்விடு. ஆண்டவரோ அந்தச் சொல்லைக் கேட்டும் கேளாதவராக, தகப்பனைத் தேற்றி, விசுவாசத்தை விட்டுவிடாதே என்று சொல்லி, மேலே நடந்தார். விசுவாசம் என்பது அந்த இடத்தில் தொடர்ந்து நடப்பதாகவே இருந்தது.

இதை நான் இந்த வாரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சபையைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வருகிற திங்கட்கிழமை கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குகிறது. அவன் யார் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். பெற்றோரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஆகிலும் அவன் பெயரை இங்கே எழுதவில்லை. கடந்த இரு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனை முடிந்தபின் உங்களில் சிலர் என்னிடம் வந்து கேட்டீர்கள். “சின்னப் பிள்ளைக்குக் கழுத்திலும் முகத்திலும் கரண்ட் வைக்கலாமா, ஐயா? அதோடு கீமோவும் சேர்த்துக் கொடுப்பார்களாமே, அவன் தாங்குவானா? நாம் உபவாசித்து ஜெபித்தால் போதாதா?” அன்பினால் கேட்ட கேள்விகள் அவை. அன்போடு, ஆனால் மறைவின்றிப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் அந்த நோயைப் பற்றி. மூக்கின் பின்புறத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒரு சிறிய இடம் இருக்கிறது. மூக்குத்தொண்டை என்று அதைச் சொல்லலாம். அங்கே தோன்றும் புற்றுநோய் வெளியே தெரிவதில்லை. கழுத்தில் வலியில்லாத நெறிகட்டாகவே பெரும்பாலும் முதலில் தென்படும். ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி மூக்கில் இரத்தம், ஒரு காதில் அடைப்பு அல்லது கேள்விக்குறைவு, தீராத தலைவலி, சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவையும் இருக்கலாம். நம் நாட்டில் கழுத்தில் நெறிகட்டினால் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே இந்த நோய் சில மாதங்கள் தப்பிவிடுகிறது. நம் பையனுக்கும் அப்படியே நடந்தது. மருந்து எடுத்தும் கட்டி கரையாதபோது, சதையை எடுத்துப் பரிசோதித்து நோயைக் கண்டறிந்தார்கள்.

இந்தப் புற்றுநோய்க்கும் எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸுக்கும் தொடர்பு உண்டு. உலகில் பெரும்பாலான மனிதர்களின் உடலில், உங்கள் உடலிலும் என் உடலிலும்கூட, அந்த வைரஸ் சிறு வயதிலேயே நுழைந்து அமைதியாகத் தங்கியிருக்கிறது. மிக மிக அரிதாக ஒரு சிலருக்கே அது இந்த நோயில் பங்கு கொள்கிறது. தென் சீனத்திலும், நம் நாட்டில் நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களிலும் இது அதிகமாகக் காணப்படுகிறது. இந்தப் புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் நோய் அன்று. அந்தப் பிள்ளையின் அருகில் உங்கள் பிள்ளைகள் அமரலாம். பெற்றோர் செய்த ஏதோ ஒன்றின் தண்டனையும் அன்று. பிறவிக் குருடனைக் கண்டபோது இவன் பாவமா, இவனைப் பெற்றவர் பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கேள்வியை நம் சபையில் எவரும் மீண்டும் எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடலாகாதா என்று கேட்டீர்கள். மூளை நரம்புகளும் பெரிய இரத்தக் குழாய்களும் கடந்து செல்லும் இடத்தில், மண்டையோட்டின் அடியில் நோய் இருப்பதால் கத்தியால் முழுமையாக அகற்றுவது மிகவும் கடினம். நல்லவேளையாக, இந்த வகைப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கும் கீமோ மருந்துகளுக்கும் இணங்கும் இயல்புடையது. ஆகவே சிறுவர்களுக்கு முதலில் சிஸ்பிளாட்டின், ஃபுளோரோயுராசில் என்னும் மருந்துகளைச் சில சுற்றுகள் கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள். அதன்பின் கதிர்வீச்சைத் தொடங்கி, அதோடு சேர்த்தே சிஸ்பிளாட்டினையும் கொடுக்கிறார்கள்.

‘கரண்ட் வைப்பது’ என்று நம் மக்கள் சொன்னாலும், அதில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. அதிர்ச்சியோ வலியோ அந்நேரத்தில் உண்டாவதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போன்றதே, ஆனால் ஆற்றல் பன்மடங்கு மிகுந்த கதிர். தலை அசையாமலிருக்க, சூட்டில் இளகும் வலை போன்ற பிளாஸ்டிக்கினால் முகத்தின் அளவுக்கே ஒரு மாஸ்க் செய்து, அதை மேசையோடு பொருத்துகிறார்கள். பிள்ளை தனியாக அந்த அறையில் சில நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். கதிர் உயிரணுவின் மரபுப் பொருளை வெட்டிச் சேதப்படுத்துகிறது. ஆரோக்கியமான அணுக்கள் மறுநாளைக்குள் பெருமளவு தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. புற்று அணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. சிஸ்பிளாட்டின் அந்த அணுக்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்வதை மேலும் தடுக்கிறது. இரண்டையும் ஒரே காலத்தில் கொடுப்பதன் காரணம் இதுவே.

இதனால் பயன் உண்டா? பெரியவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர் 100க்கு 47 பேர். கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 பேர். சிறுவரிடமும் இளவயதினரிடமும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்னதாகக் கீமோவும் பின்னர் இரண்டும் சேர்ந்த சிகிச்சையும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 100க்கு ஏறத்தாழ 89 பேர் உயிரோடிருந்தார்கள். இந்த எண்கள் எந்த ஒரு பிள்ளைக்கும் தரப்பட்ட வாக்குறுதி அல்ல. ஆனால் நம் பையனுக்கு முன்னால் இருப்பது நம்பிக்கையற்ற பாதை அன்று என்பதை அவை சொல்லுகின்றன.

அந்தப் பாதையின் நீளம் 34 நாட்கள். வாரத்திற்கு ஐந்து நாட்கள், திங்கள் முதல் வெள்ளி வரை. ஏழாவது வாரத்தில் முடியும். முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலும் அமைதியாகக் கடந்துவிடும். நானும் நீங்களும் அந்த நாட்களில் கர்த்தரை ஸ்தோத்தரித்து, எல்லாம் நன்றாக நடக்கிறது என்போம். மூன்றாவது வாரம் முதல்தான் கடினம் தொடங்கும். வாயும் தொண்டையும் புண்ணாகும். உமிழ்நீர் வற்றிப் பிசுபிசுப்பாகும். நாவில் ருசி அற்றுப்போகும். கழுத்தின் தோல் கருத்து உரியும். கீமோவினால் வாந்தியும் சோர்வும் சேரும். ஒரு மிடறு தண்ணீரும் நெருப்பை விழுங்குவதுபோல் இருக்கும். பல பிள்ளைகளுக்கு மூக்கின் வழியே குழாய் இட்டு ஆகாரம் கொடுக்க நேரிடும்.

அந்த வாரங்களில்தான் பாதி வழிக் குரல் எழும்பும். போதும், பிள்ளையை வதைக்காதீர்கள், சில நாட்கள் ஓய்வு கொடுத்துப் பிறகு பார்ப்போம் என்று அது சொல்லும். கட்டி வெளியே தெரியாமல் சுருங்கிவிட்டதே, இனி எதற்கு என்றும் சொல்லும். பிரியமானவர்களே, இங்கேதான் நீங்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் கதிர்வீச்சை இடையில் நிறுத்தினால், தப்பியிருக்கும் புற்று அணுக்கள் அந்த இடைவெளியில் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. விட்ட நாட்களை இறுதியில் சேர்த்துக்கொள்வதால் அந்த இழப்பு முழுவதும் ஈடாவதில்லை. மருத்துவர்களே புண்ணின் கடுமையைக் கண்டு ஓரிரு நாள் இடைவெளி தருவார்களானால் அது வேறு. அதை அவர்கள் கணக்கிட்டுச் செய்வார்கள். நாமாக நிறுத்துவது வேறு.

ஒரு பழைய காரியத்தை உங்களிடம் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் ஊழியம் செய்தபோது, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதே நோய் வந்தது. தகப்பன் தினக்கூலி. நான்காம் வாரத்தில் ஒரு நாள் இரவு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஐயா, பிள்ளை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அழுகிறாள். ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டார். நான், “ஜெபித்து முடிவெடுங்கள், தம்பி” என்றேன். அவருக்காக ஜெபித்து அனுப்பிவைத்தேன்.

அந்தப் பதில் பக்தியுள்ள பதிலாகவே எனக்குத் தோன்றியது. அவர்கள் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. சில வாரங்களில் புண்கள் ஆறின. அவள் சாப்பிட்டாள், சிரித்தாள். நாங்கள் சபையில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினோம். எட்டாம் மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. இம்முறை எலும்புக்கும் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு அவளுடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். சிகிச்சையை முடித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். அது தேவனுக்கே தெரியும். ஆனால் அந்த இரவில் அந்த வாசலில் யவீருவின் வீட்டிலிருந்து வந்த ஆளாக நின்றவன் நான் என்பதை அறிவேன்.

பின்னொரு நாள் அவளுடைய தாய் என்னிடம் சொன்னதுதான் இன்னும் என்னை வருத்துகிறது. அவர்கள் ஊருக்குத் திரும்பியதற்கு முதற்காரணம் பிள்ளையின் அழுகை அன்று. மருத்துவமனைக்கு அருகில் எடுத்த அறைக்கு வாடகை கொடுக்கப் பணம் தீர்ந்துவிட்டது. தகப்பனுக்கு ஒரு மாதமாகக் கூலி இல்லை. அதைச் சபையில் சொல்ல வெட்கப்பட்டார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற சொல் அந்த வெட்கத்தை மூடிக்கொள்ள உதவியது. விசுவாசம் என்று நாங்கள் எண்ணியதன் பின்னால் வறுமை நின்றுகொண்டிருந்தது. “ஜெபித்து முடிவெடுங்கள்” என்று சொல்வதற்கு முன், “நாளைக் காலைப் பேருந்துக்குப் பணம் இருக்கிறதா, தம்பி?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சிறுவர் புற்றுநோய்க்கென ஒரு முயற்சியைத் தொடங்கியது. செல்வமுள்ள நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். பல ஏழை, நடுத்தர நாடுகளில் அது 30க்கும் கீழே என்று அந்நிறுவனம் கூறுகிறது. அதற்கு அது சொல்லும் காரணங்களுள், தாமதமாகக் கண்டறிவதோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் ஒன்றாக இருக்கிறது. மருந்தைக் கண்டுபிடிப்பது நம் கையில் இல்லை. ஒரு குடும்பம் பாதியில் திரும்பாதபடி தாங்குவது நம் கையில் இருக்கிறது.

உங்களில் சிலர் வேறு சில கேள்விகளையும் கேட்டீர்கள். அதே மாற்கு 5ஆம் அதிகாரத்தில் அந்த ஸ்திரீ பல வைத்தியரிடம் சென்று, கையிலிருந்த யாவையும் செலவழித்தும் சுகமடையவில்லை என்றிருக்கிறதே, அது வைத்தியத்தை நம்பாதே என்பதாகாதா? ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. அந்த வசனம் அவளுடைய துன்பத்தின் ஆழத்தைச் சொல்லுகிறது. வைத்தியத்தைப் பாவம் என்று சொல்லவில்லை. எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாய் வியாதிப்பட்டுக் கண்ணீரோடு ஜெபித்தபோது, தேவன் அவன் ஜெபத்தைக் கேட்டார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் இடச் சொன்னார். பவுலோடு உடனிருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதைக் கொலோசெயர் நிருபம் அன்போடு குறிப்பிடுகிறது. நம் முன்னோர்களும் அப்படியே விளங்கிக்கொண்டார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவைச் சிகிச்சை மருத்துவர், அதன்பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டு அங்கே ஊழியத்துக்கு வந்தார். அவர்கள் ஜெபிக்காதவர்களா?

சிறு பிள்ளைகளின் முகத்திலும் கண்குழியிலும் தசையில் தோன்றும் வேறொரு புற்றுநோய்க்கும் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அதற்கான முக்கிய மருந்துகளில் ஒன்றாகிய வின்கிறிஸ்டின், நம் வீட்டு முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுகிறது. 1960களிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் உயிரை அது காத்திருக்கிறது. கல்லறைகளின்மேல் அந்தப் பூவைக் காணும்போதெல்லாம், சிருஷ்டிகர் நம் கண்முன்னே வைத்ததை நாம் எவ்வளவு காலம் அறியாமலிருந்தோம் என்று எண்ணுகிறேன். மருந்தைப் பெற்றுக்கொள்வதும் அவர் கையிலிருந்து பெற்றுக்கொள்வதே.

மற்றொரு கேள்வி கடினமானது. பிள்ளை பிழைத்தாலும் அவன் வாழ்நாள் முழுவதும் பின்விளைவுகளைச் சுமக்க வேண்டாமா? ஆம், சுமக்க நேரிடலாம். அதை மறைப்பது நேர்மையன்று. சிஸ்பிளாட்டின் செவித்திறனைக் குறைக்கலாம். அந்தக் குறைவு பெரும்பாலும் மீளாது. சிறுநீரகத்தையும் அது பாதிக்கலாம். கதிர்வீச்சினால் உமிழ்நீர் குறைந்து பற்கள் சிதையலாம், வாய் திறப்பது இறுகலாம், தைராய்டும் வளர்ச்சிக்கான சுரப்பும் குறையலாம், முக எலும்பின் வளர்ச்சி குன்றலாம். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு புற்றுநோய் தோன்றும் அபாயமும் சிறிதளவு உண்டு. இதை மருத்துவர்களும் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னதாகக் கொடுத்த கீமோவுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கிய பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சின் அளவைக் குறைக்கலாமா என்பதையே நான் முன்னே சொன்ன 2019ஆம் ஆண்டு ஆய்வு ஆராய்ந்தது. நம் பையனுக்கும் கட்டி நன்கு சுருங்கியிருப்பதால் அளவு குறைக்கப்பட்டிருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை இயன்றவரை விலக்கிக் கட்டியின் வடிவத்துக்கே கதிரை வளைத்துச் செலுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. இவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. கேள்வி கேட்பது அவிசுவாசமும் அன்று, அவமரியாதையும் அன்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோய் எந்தச் சிகிச்சைக்கும் இணங்காத நிலைக்குச் சென்று, மருத்துவர்களே இனி வேதனையைத் தணிப்பதுதான் நல்லது என்று சொல்லும் நேரம் சில குடும்பங்களுக்கு வரும். அப்போது சிகிச்சையை நிறுத்துவது விசுவாசக் குறைவு அன்று. அந்தக் குடும்பத்தை ஒருவரும் குற்றப்படுத்தக் கூடாது. நான் எதிர்ப்பது அதையன்று. குணமடையும் வழி திறந்திருக்கும்போது, வேதனையின் நடுவிலும் வறுமையின் நடுவிலும் நிற்கிற பெற்றோரிடம் தேவனுடைய பெயரைச் சொல்லி ‘நிறுத்திவிடு’ என்பதையே எதிர்க்கிறேன்.

அப்படியானால் இந்த ஏழு வாரங்களில் நாம் என்ன செய்வோம்? மூப்பர்களோடும் பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரோடும் பேசி முடிவு செய்தவற்றை இங்கே சொல்லுகிறேன். மருத்துவமனைக்கு அருகில் அறை வாடகையைச் சபை ஏற்றுக்கொள்கிறது. தகப்பனுக்கு வேலையில்லாத வாரங்களுக்கு வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை, அவர் கேட்காமலே, சனிக்கிழமைதோறும் கொடுக்கப்படும். அவன் தங்கை பள்ளிக்குச் சென்று வர இரண்டு குடும்பத்தார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். சிகிச்சைக் கட்டணத்திற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்தாகிவிட்டது. புற்றுநோயாளி சிகிச்சைக்கு இரயிலில் செல்லும்போது, மருத்துவமனை தரும் சான்றின்பேரில் ஸ்லீப்பர் வகுப்பில் அவருக்குக் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்பவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு. இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்லும் குடும்பங்கள் இருக்கலாம். உங்கள் உறவினரில் எவருக்கேனும் தேவையென்றால் தெரிவியுங்கள்.

ஆகாரம் சமைத்துக் கொடுக்க விரும்புகிறவர்கள் தாயிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காரமும் புளிப்பும் சூடும் இல்லாமல், நன்றாகக் குழைந்த கஞ்சி, பருப்புச் சோறு, முட்டை போன்றவையே அவனுக்கு ஆகும். குழாய் இட்டிருந்தால் மருத்துவமனை சொல்லும் ஆகாரம் மட்டுமே. சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள் அவனைப் பார்க்கச் செல்ல வேண்டாம். கீமோவினால் அவன் இரத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் குறைந்திருக்கும். அவனுக்குக் காய்ச்சல் கண்டால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு வாகனம் வைத்திருக்கும் மூன்று சகோதரர்களின் எண்களைப் பெற்றோரிடம் கொடுத்திருக்கிறோம். நாட்டு மருந்தோ கஷாயமோ மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 34 நாட்களுக்கும் காலை ஜெபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். அவன் மாஸ்க் அணிந்து தனியாகப் படுத்திருக்கும் அந்த நிமிடங்களில் யாரோ ஒருவர் தனக்காக முழங்காலில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியட்டும். ஆனால் மருத்துவமனையில் அவனருகில் நின்று உரத்த சத்தமாய் அழாதீர்கள். இதே நோயில் இறந்துபோன உறவினரின் கதையைச் சொல்லாதீர்கள். விசுவாசம் இருந்தால் இந்நேரம் சுகமாகியிருக்கும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். யவீருவின் வீட்டில் அழுது புலம்பிய கூட்டத்தை ஆண்டவர் வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மட்டுமே உள்ளே அழைத்துச் சென்றார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் நம் வேலை முடிந்துவிடாது. ருசியும் உமிழ்நீரும் திரும்பச் சில மாதங்கள் ஆகும். முழுவதும் திரும்பாமலும் போகலாம். பற்களையும் தைராய்டையும் செவித்திறனையும் ஆண்டுக்கணக்காகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, அவன் திரும்பி வரும்போது முன்வரிசையில் அமர்த்தி, அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கழுத்தின் நிறமும் உதிர்ந்த முடியும் பிள்ளைகளின் கேலிக்கு இடமாகாதபடி இப்போதே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மீண்டும் யவீருவின் வீட்டுக்கு வருகிறேன். ஆண்டவர் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்தார். அவள் எழுந்து நடந்தாள். எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் சொன்ன ஒரு காரியத்தைப் பல ஆண்டுகள் நான் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். அவளுக்கு உண்ண ஏதேனும் கொடுக்கும்படி கட்டளையிட்டார். மரணத்தை வென்றவர் ஒரு பிள்ளையின் பசியை நினைத்தார். எழுப்பும் வேலையைத் தாமே செய்தார். ஆகாரம் கொடுக்கும் வேலையை வீட்டாரிடம் விட்டார். நம்மிடமும் அந்த வேலையையே விட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை முதல் அதைச் செய்வோம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நோயோடு போராடும் எங்கள் பிள்ளையை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், கதிர்வீச்சுக் கருவியை இயக்குவோர் யாவருக்கும் ஞானமும் கவனமும் தாரும். நான்காம் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் அவன் பெற்றோரின் கால்கள் தளராதிருக்கட்டும். பாதி வழியில் அவர்களைத் திருப்பும் குரலாக நாங்கள் இராதபடி எங்கள் நாவைக் காத்தருளும். கடைசி நாள்வரை அவர்களோடு நடக்க எங்களுக்குக் கிருபை தாரும். முன்னொரு நாள் நான் தவறவிட்டதை எனக்கு மன்னித்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்